மட்டம் வேகமா ஏறுது, கரை அடியில ஈரம்: மண் அணையில எதைப் பார்க்கணும், எப்போ பயப்படணும்?

ஆற்றங்கரை

வணக்கம். எங்க ஊருக்கு மேல இருக்கிறது மண் அணை. நடுவுல கொஞ்ச தூரம் கான்கிரீட் கட்டி ஷட்டர் வெச்சிருக்காங்க, ரெண்டு பக்கமும் நீளத்துக்கு மண் கரைதான். மேல மலையில விடாம மழை. நேத்து ராத்திரி மட்டும் மூணு அடிக்கு மேல ஏறியிருக்கு. முழு மட்டத்துக்கு இன்னும் நாலு அடி பாக்கி இருக்கும்போதே ஷட்டரைத் தூக்கிட்டாங்க.

ஊர்ல ரெண்டு பேச்சு ஓடுது. "நிறையாத அணையைத் திறந்துட்டா கோடையில என்ன செய்யறது"ன்னு ஒரு பக்கம். "கரை தாங்காதுன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் அவசரமா திறக்கிறாங்க"ன்னு இன்னொரு பக்கம். "இன்னிக்கு ராத்திரி உடையப்போகுது"ன்னு வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ வேற சுத்துது.

எனக்கு நிஜமாவே கவலை தர்றது வேற ஒண்ணு. கரையோட வெளிப்பக்க அடிவாரத்துல ஒரு இடத்துல புல்லு மட்டும் தனியா பச்சையா இருக்கு. காலை வெச்சா பொதபொதன்னு உள்ள போகுது. இங்க மழை நின்னு வெயில் அடிக்குது, சுத்தியிருக்கிற மண்ணு காய்ஞ்சிருக்கு, அந்த இடம் மட்டும் காயல.

நிறையறதுக்கு முன்னாடியே திறக்கிறது சரியா? அந்த ஈரத்துக்குப் பயப்படணுமா? எங்களை மாதிரி ஆளுங்க எதைப் பார்த்து நிலைமையைத் தெரிஞ்சுக்கலாம்? ஆபீஸ்ல கேட்டா "அணை பாதுகாப்பா இருக்கு"ன்னு ஒரே வரிதான் பதில்.

ஓய்வுபெற்ற_பொறியாளர்

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வோம், அதுதான் காத்திருக்காது.

வெளிச்சம் இருக்கும்போதே இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். வெறும் ஈரமா, தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசைக்காமல் வைத்து, அடியில் மண் படிகிறதா என்று கவனியுங்கள். எங்காவது தண்ணீர் கொப்பளித்து, அதைச் சுற்றிப் பொடி மணல் வளையம் கட்டியிருக்கிறதா? அதே நேர்கோட்டில் கரையின் உச்சியில் விரிசல், குழி, தாழ்வு ஏதாவது உண்டா? இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பிறகு போன் செய்யலாம் என்று இருக்க வேண்டாம். பிரிவு அலுவலகத்துக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். "கரை கசிகிறது" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்த மைல்கல்லுக்கு நேரே, அடிவாரத்தில் எவ்வளவு அகலத்தில், எப்போதிலிருந்து என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் பதிவேட்டில் ஏறும்.

எல்லா மண் அணையும் கசியும். நடுவில் களிமண் சுவர், அதை ஒட்டி மணலும் சரளையும் கொண்ட வடிகட்டி அடுக்கு, அடியில் கல் வடிகால் என்று கட்டுவதே, வரும் தண்ணீரைக் களிமண் முடிந்தவரை தடுக்க, மீறி வருவதை மண் துகள் இல்லாமல் வடிகட்டி அனுப்பத்தான். கசிவு பல ஆண்டுகளாக ஒரே அளவில், தெளிவாக, ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் அது அந்த அணையின் இயல்பு. புதிய இடத்தில் வந்தால், மட்டம் ஏறாதபோதே அளவு கூடினால், நிறம் கலங்கினால், கரையின் உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த அரிப்பு வெளிப்பக்கத்தில் தொடங்கி, பொந்து தோண்டிக்கொண்டே நீர்த்தேக்கத்தை நோக்கிப் பின்னால் போகும். பொந்து தண்ணீரைத் தொட்டுவிட்டால் பிறகு கிடைப்பது சில மணி நேரம்தான்.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை அப்படித்தான் போனது. 1976 ஜூன் 5, முதல்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்குத் தண்ணீர் விடும் முக்கிய மதகு தயாராகாததால், திட்டமிட்டதைவிட வேகமாக மட்டம் ஏறியது. காலை ஏழரை வாக்கில் கலங்கல் கசிவு கண்ணில் பட்டது. பெரிய புல்டோசர்களை இறக்கி ஓட்டையில் மண்ணைத் தள்ளிப் பார்த்தார்கள், அந்த இயந்திரங்களும் உள்ளே போயின. நண்பகல் 12 அடிப்பதற்குள் 300 அடி உயரக் கரை உடைந்துவிட்டது. 11 பேர் இறந்தார்கள். பகல் நேரமாக இருந்து, கீழே இருந்தவர்களுக்குத் தகவல் போனதால்தான் அந்த எண்ணிக்கையோடு நின்றது.

பெரிய மண் அணைகள் உடைந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய பாதி கரைக்கு மேல் வழிந்து உடைந்தவை, கிட்டத்தட்ட மறுபாதி இப்படி உள்ளே அரித்து உடைந்தவை. இவ்விரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கும் வழி தெரியும்.

வரத்துக்கணக்கு

திறக்கிறது சரியான்னு கேட்டதுக்கு நான் சொல்றேன். அடிக்கணக்கை மட்டும் பார்த்தா ஒண்ணும் புரியாது. அணை கீழே குறுகி மேலே விரியும். அதனால மேல்மட்டத்துல ஒவ்வொரு அடிக்கும் கொள்ளளவு கூடிக்கிட்டே போகும். மேட்டூரை எடுத்துக்குங்க. 120 அடிக்கு 93.47 டி.எம்.சி (ஒரு டி.எம்.சின்னா 100 கோடி கனஅடி). 100 அடியில இருப்பு கிட்டத்தட்ட 65 டி.எம்.சி. கடைசி 20 அடி, உயரத்துல ஆறுல ஒரு பங்கு, ஆனா மொத்தத் தண்ணியில பத்துல மூணு பங்கு அதுலதான் நிக்குது.

இப்போ நேரக்கணக்கு. விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க வந்தா 1 டி.எம்.சி. உங்க அணை சின்னது. மிச்சமிருக்கிற நாலு அடியில 10 கோடி கனஅடி, அதாவது 0.1 டி.எம்.சி பிடிக்கும்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். வரத்து 5,000 கனஅடி, எதையும் திறக்கலைன்னா, 20,000 விநாடியில நிறையும். அஞ்சரை மணி நேரம். ராத்திரி மேல இன்னொரு மழை பெய்து வரத்து 12,000 ஆச்சுன்னா ரெண்டே கால் மணி நேரம்தான்.

நிறையற வரைக்கும் காத்திருந்தா அந்த நேரத்துல வர்ற 12,000-ஐயும் அப்படியே ஆத்துல விட்டாகணும், அதுவும் நடுராத்திரியில. முன்னாடியே 3,000, 4,000-ன்னு விட்டுக்கிட்டு வந்தா ஆறு கரைக்குள்ளயே ஓடும். அப்புறம் பெருவெள்ளம் வந்தாலும் அதோட முகட்டை வாங்கிக்க அணையில இடம் இருக்கும். அதனால நாலு அடி இருக்கும்போதே திறக்கிறாங்கன்னா, கரை பலவீனம்னு உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. எந்த மாசத்துல எந்த மட்டத்துக்கு மேல வைக்கக்கூடாதுன்னு ஒரு ஒழுங்குமுறை ஒவ்வொரு அணைக்கும் இருக்கணும். அதைக் கேட்டு வாங்குங்க.

கடைமடை_விவசாயி

கணக்கெல்லாம் சரிங்க. எங்க பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்க. நாங்க வாய்க்காலோட கடைசியில இருக்கோம். போன தடவையும் இதே மாதிரி மழை ஆரம்பத்துலயே பயந்து திறந்தாங்க. அதுக்கப்புறம் மழையே இல்லை. பயிர் பால் பிடிக்கிற நேரத்துல மதகை மூடிட்டாங்க. வயல்ல விழுந்த வெடிப்புல என் கை மணிக்கட்டு வரைக்கும் போச்சு. ஆத்துல விட்ட தண்ணி திரும்பி வருமா?

வெள்ளம் வந்தா எல்லாரும் பேசுறாங்க, நிவாரணம் வருது. தண்ணியில்லாம காய்ஞ்சதுக்கு யாரும் வந்து பார்க்கல. ஒரு அடி கூட வெச்சிருந்தா எங்களுக்கு ரெண்டு தண்ணி கிடைச்சிருக்கும். பாதுகாப்பு வேணாம்னு நான் சொல்லல. திறக்கிறவங்க எதை வெச்சு முடிவெடுக்கிறாங்கன்னு எங்களுக்கும் சொல்லணும்.

தண்டோரா

அந்த ஆடியோவை நானும் கேட்டேன். எந்த அணை, என்னைக்கு, யார் பேசுறாங்க, ஒண்ணும் இல்லை. இதே குரல் வேற மாவட்டத்துக் குழுவுலயும் வேற அணை பேர்ல வந்திருக்கு. தயவுசெஞ்சு யாரும் அனுப்பாதீங்க. நாளைக்கு நிஜமா எச்சரிக்கை வரும்போது ஜனங்க நம்பணும்.

ஓய்வுபெற்ற_பொறியாளர்

கடைமடை அண்ணன் சொல்வதை லேசாகக் கடந்துபோக எனக்கு மனம் இல்லை. வாய்க்காலின் கடைசியில் இருப்பவருக்கு ஒரு அடி தண்ணீரின் மதிப்பு என்ன என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் மண் கரையின் விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று உண்டு: தண்ணீர் அதன் உச்சிக்கு மேல் வழியக்கூடாது. கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டிய அணை சிறிது நேரம் தாங்கக்கூடும். மண் கரையில் வழியும் தண்ணீர் வெளிச்சரிவை அரித்து, உச்சியில் ஒரு வெட்டு விழுந்ததும், அந்த வெட்டு வழியாகவே மொத்த நீரும் போகும். முழு மட்டத்துக்கும் கரை உச்சிக்கும் நடுவில் சில அடி வெற்றிடம் விட்டிருப்பது அலைக்கும் காற்றுக்கும், ஆண்டுகள் போகப்போகக் கரை கொஞ்சம் அமர்வதற்கும். அங்கே தண்ணீரைச் சேமிக்கலாம் என்று யாரும் கை வைக்கக்கூடாது.

குஜராத்தில் மச்சு-2 அணை, 1979 ஆகஸ்ட் 11. வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்தது, இரு பக்க மண் கரையும் வழிந்து உடைந்தது, கீழே மோர்பி நகரம் மூழ்கியது. இறந்தவர் எண்ணிக்கை இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் மாறுபடுகிறது, அவ்வளவு பேர் கணக்கில்லாமல் போனார்கள். சீனாவில் பான்சியாவ், 1975 ஆகஸ்ட். அந்த அணைக்கு 12 மதகு வேண்டும் என்று ஒரு நீரியல் அறிஞர் வாதாடியிருந்தார். வைத்தது 5. புயல்மழையில் அது உடைந்தபோது சுற்றுவட்டாரத்தில் டஜன் கணக்கில் மற்ற அணைகளும் போயின. 2021 நவம்பர் 19 அன்று ஆந்திராவின் அன்னமய்யா அணை மண் கரை வழிந்து உடைந்தபோது, அதன் ஐந்து கேட்டுகளில் ஒன்று வேலை செய்யாத நிலையில் இருந்தது.

தண்ணீர் எவ்வளவு வருகிறது என்பது நம் கையில் இல்லை. எவ்வளவு வெளியேற்ற முடியும் என்பது நம் கையில் இருக்கிறது. "அணை எத்தனை சதவீதம் நிறைந்திருக்கிறது?" என்று கேட்கும் இடத்தில், "எல்லா ஷட்டரையும் முழுதாகத் தூக்கினால் எவ்வளவு போகும்? இன்றைக்கு எல்லா ஷட்டரும் தூக்குமா?" என்று கேட்டுப் பழகுங்கள்.

கடைமடைக்கு என் பதில் இது. மழைக்காலத் தொடக்கத்தில் வெள்ளத்துக்கு இடம் விடுவதும், காலம் முடியும் தறுவாயில் முழுதாக நிரப்பிக்கொள்வதும் இரண்டும் ஒரே ஒழுங்குமுறையில் இருக்க வேண்டும். முன்னறிவிப்பு சரியாக இருந்தால் கடைசி நிரப்பைத் தைரியமாகச் செய்யலாம். உங்களுக்கு நடந்ததைப் பார்த்தால், திறப்பதற்கு எழுதிவைத்த விதி இருந்திருக்கிறது, மூடுவதற்கு இல்லை. அந்த விதியைப் பாசன சங்கத்தின் கையில் எழுத்தில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. வண்டல் ஏறியதில் எவ்வளவு கொள்ளளவு போயிருக்கிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். பல அணைகளில் பழைய கொள்ளளவை வைத்தே இன்றும் சதவீதம் சொல்கிறார்கள்.

ஷட்டர்_ஃபிட்டர்

ஷட்டர் தூக்குமான்னு கேட்கச் சொன்னாரே, அதைப் பத்தி நான் எழுதணும். ஹாய்ஸ்ட், அதாவது ஷட்டரைத் தூக்கி இறக்குற இயந்திரம், அந்த வேலைதான் எனக்குப் பொழைப்பு.

வெளியில இருந்து பார்த்தா கம்பி வடம் கிரீஸ் பூசிப் பளபளன்னு இருக்கும். துணியால அழுத்தித் துடைச்சு, கையுறை போட்டு மெதுவா தடவிப் பார்த்தா அங்கங்க உள்ளிழை அறுந்து வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிறது துணியில மாட்டும். முக்கியமா தண்ணியில முங்கி முங்கி எழுற மட்டத்துலயும், கேட்டோட வடம் மாட்டியிருக்கிற கொண்டியிலயும். துரு அங்கதான் ஆரம்பிக்கும். பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்துக்குக் கையும் போகாது, கண்ணும் போகாது.

2024 ஆகஸ்ட் 10 ராத்திரி துங்கபத்ரா அணையில நடந்ததைப் பாருங்க, அங்க வடத்துக்குப் பதிலா சங்கிலி. 33 கேட்ல 19-வது கேட்டோட சங்கிலி அறுந்து, கேட் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அணை நிறைஞ்சு நின்ன நேரம். ஓடுற தண்ணிக்கு நடுவுல தற்காலிகத் தடுப்புப் பலகைகளை இறக்கி அடைக்க கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆச்சு. அதுக்குள்ள பாசனத்துக்கு வெச்சிருந்த தண்ணி எவ்வளவோ ஆத்தோட போயிடுச்சு. கடைமடை அண்ணே, பராமரிப்பு இல்லாததால போற தண்ணியும் உங்க தண்ணிதான். 2022 செப்டம்பர்ல பரம்பிக்குளத்துலயும் ஒரு ஷட்டர் இப்படிப் போச்சு. 2018 ஆகஸ்ட்ல முக்கொம்பு கொள்ளிடம் கதவணையில ஒரே ராத்திரியில 9 மதகு போச்சு.

உங்க அணையில போய்க் கேளுங்க. மழைக்கு முன்னாடி ஒவ்வொரு ஷட்டரையும் முழு உயரத்துக்கும் தூக்கி இறக்கிப் பார்த்தாங்களா? அரை அடி தூக்கிட்டு "வேலை செய்யுது"ன்னு எழுதினா போதாது, மேல போகும்போதுதான் பக்கத் தண்டவாளத்துல சிக்கும். கரன்ட் போனா ஜெனரேட்டர் இருக்கா, டீசல் இருக்கா, கடைசியா எப்போ ஓட்டினாங்க? கையால சுத்துற கைப்பிடி எங்க இருக்கு? கையால சுத்தினா ஒரு ஷட்டர் முழுசா எழ மணிக்கணக்கா ஆகலாம், அத்தனை ஷட்டருக்கும் மாத்தி மாத்திச் சுத்த ஆள் இருக்கா? தடுப்புப் பலகை அணையிலயே இருக்கா, இல்ல வேற எங்கயாவது கிடங்குல இருக்கா?

ஆற்றங்கரை

போய்ப் பார்த்துட்டு வந்துட்டோம். அலுவலகத்துக்கும் சொல்லியாச்சு, காலையில ஆள் அனுப்புறோம்னாங்க.

ஈரம் மட்டும் இல்லை, மெலிசா ஓடுது. பாட்டில்ல பிடிச்ச தண்ணி தெளிவாதான் இருந்துச்சு. ஆனா அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, புல்லை விலக்கிப் பார்த்தா, உள்ளங்கை அகலத்துல ஒரு இடத்துல தண்ணி துடிக்கிற மாதிரி மேல வருது. சுத்தி வெள்ளையா பொடி மணல், ஒரு விரல் உயரத்துக்கு வட்டமா. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே மணல் துகள் மேல வந்து வட்டத்துல உருண்டு விழுது. கரை உச்சியில விரிசல் எதுவும் தெரியல.

ஊர்ப் பசங்க களிமண்ணு மூட்டையைப் போட்டு மிதிச்சு அடைச்சிடலாம்ங்கிறாங்க. செய்யலாமா?

ஓய்வுபெற்ற_பொறியாளர்

அடைக்கவே கூடாது. பசங்களை நிறுத்துங்கள்.

நீங்கள் பார்த்தது மணல் ஊற்று. கரைக்கு அடியில் தண்ணீர் அழுத்தத்தோடு வந்து, மண்ணைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறது. வெளியேறும் வாயைக் களிமண்ணால் மூடினால் அழுத்தம் உள்ளேயே ஏறி, வேறொரு இடத்தில், இதைவிட மோசமாக உடைத்துக்கொண்டு வரும். தண்ணீர் வரட்டும், மணல் மட்டும் வரக்கூடாது.

அதற்கு இரண்டு வழி உண்டு. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் தேங்கி உயர விடுவது. உள்ளே நிற்கும் தண்ணீரின் எடை ஊற்றின் வேகத்தைக் குறைக்கும். தண்ணீர் தெளிந்ததும் அதற்குமேல் உயர்த்தாமல், ஒரு பக்கம் வழிந்து போக வாய் விட்டுவிட வேண்டும். இன்னொன்று வடிகட்டி போடுவது: முதலில் பருமணல், அதன்மேல் பொடிச்சல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. கீழே நுண்ணியது, மேலே பெரியது என்ற வரிசை மாறவே கூடாது. நேரடியாகப் பெரிய ஜல்லியைக் கொட்டினால் இடுக்கு வழியாக மண் வந்துகொண்டே இருக்கும்.

இந்த வேலையைத் துறை ஆட்கள் முன்னின்று செய்ய வேண்டும், ஊர்க்காரர்கள் மூட்டை தூக்க உதவலாம். அடிவாரத்தில் யாரும் தோண்டக்கூடாது. காலைவரை காத்திருக்க வேண்டாம், "மணல் ஊற்று, மணல் வெளியேறுவதைக் கண்ணால் பார்த்தோம்" என்று இந்தச் சொற்களையே சொல்லி மறுபடி போன் செய்யுங்கள். வீடியோவை அனுப்புங்கள். பொறுப்பில் இருப்பவருக்கு இதைக் கேட்டால் தூக்கம் வராது, வரக்கூடாது.

மேட்டுத்தெரு

இவ்வளவு ஆபத்துன்னா எல்லா ஷட்டரையும் முழுசா திறந்து ஒரே நாள்ல அணையைக் காலி பண்ணிடலாமே? எதுக்கு இவ்வளவு யோசனை?

ஓய்வுபெற்ற_பொறியாளர்

மட்டத்தைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் ஒரு வேகம் இருக்கிறது. கரையின் உட்பக்க மண் தண்ணீரில் ஊறிக் கனத்து நிற்கிறது, எதிரே நிற்கும் தண்ணீர்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீரைச் சட்டென்று இறக்கினால் மண்ணுக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வடியாது, தாங்குதலை இழந்த உட்சரிவு சரியும். கலிபோர்னியாவின் சான் லூயிஸ் அணையில் 1981-ல், சுமார் நான்கு மாதத்தில் 180 அடி மட்டம் இறக்கிய பிறகு, உட்சரிவு 1,000 அடிக்கு மேல் நீளத்துக்குச் சரிந்தது. அணை உடையவில்லை, ஆனால் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

கரை உடையும் தறுவாயில் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க முடியாது, உட்சரிவு போனாலும் போகட்டும் என்று திறக்க வேண்டியதுதான். தெளிந்த கசிவு, ஒரு மணல் ஊற்று, உச்சியில் விரிசல் இல்லை என்ற நிலையில், கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டு நிதானமாக இறக்குவதே சரி.

கீழத்தெரு_ஆசிரியை

நான் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருப்பவள். "கீழே உள்ளவர்களுக்குச் சொல்லிவிட்டு" என்று ஐயா ஒரு வரியில் சொன்னார். அதைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். எங்கள் பக்கத்தில் திறப்பைப் பற்றித் தெரிவது பெரும்பாலும் டிவியில் கீழே ஓடும் எழுத்தில்தான். அதில் "கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு" என்று வரும். எந்த இடம்? எந்த வழியாக? ஊரைத் தாண்டிப் போகும் ஒரே தரைப்பாலம்தான் முதலில் மூழ்குகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பால்ட்வின் ஹில்ஸ் நீர்த்தேக்கம் உடைந்த கதையை என் மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு. 1963 டிசம்பர் 14. வழக்கமான சுற்றில் போன காவலாளி, காலை 11 மணி கடந்து, வடிகாலில் தண்ணீர் ஓடும் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருப்பதைக் கவனித்தார். உடனே மேலே சொன்னார். வீடு வீடாகப் போய் ஆட்களை வெளியேற்றினார்கள். மாலை 3.38-க்குக் கரை உடைந்தது. நூற்றுக்கணக்கான வீடுகள் நாசமாயின. இறந்தவர்கள் 5 பேர். ஒரு மனிதரின் காது, அவர் சொன்னதை உடனே நம்பிய மேலதிகாரிகள், அந்த நான்கு மணி நேரம். இவை மூன்றும் இருந்ததால்தான் அத்தனை பேர் பிழைத்தார்கள்.

அதனால் இப்போதே உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். எந்தெந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கப் போவது யார், எந்த வாகனத்தில். ராத்திரி போனை அமைதியில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் அதிகம், ஒவ்வொரு தெருவுக்கும் கதவைத் தட்ட இரண்டு பேர் வேண்டும். மேட்டுப்பகுதிப் பள்ளிக்கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? மாடுகளை முன்கூட்டியே அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் மாட்டை அவிழ்க்கத் திரும்பிப் போய்த்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

வரத்துக்கணக்கு

டீச்சர் சொன்னதோட சட்டத்தையும் சேர்த்துக்குங்க. இந்தியாவுல 2021-ல வந்த அணைப் பாதுகாப்புச் சட்டப்படி, 15 மீட்டருக்கு மேல உயரமான அணைகள், சில நிபந்தனையோட 10-ல இருந்து 15 மீட்டர் வரைக்குமானவை எல்லாம் அதுக்குள்ள வரும். மழைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஆய்வு செய்யணும், அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கணும். உடைஞ்சா தண்ணி எதுவரைக்கும், எவ்வளவு நேரத்துல வரும்னு காட்டுற வரைபடமும் அந்த மாதிரித் திட்டத்துல இருக்கும். அது அலுவலக அலமாரியில இருந்தா பிரயோஜனம் இல்லை, ஊராட்சி அலுவலகச் சுவர்ல இருக்கணும். கிராமத்துச் சின்ன அணைகள், ஏரிகள் நிறைய இந்த உயரத்துக்குக் கீழதான் இருக்கு. அங்க சட்டம் கேட்காட்டியும் நாம கேட்கணும்.

சிவில்_மூன்றாமாண்டு

அண்ணா, நான் படிக்கிற பையன். கரை உச்சியில விரிசல் இருந்தா எப்படிப் புரிஞ்சுக்கிறது? அப்புறம் எங்க ஊர்க் கரையில பெரிய பெரிய மரம் நிக்குது, வேர் மண்ணைப் பிடிச்சுக்கும்னு சொல்றாங்க.

ஓய்வுபெற்ற_பொறியாளர்

தம்பி, கரையின் நீளவாக்கில் விரிசல் இருந்தால் சரிவு நகர்கிறதோ என்று பார்க்க வேண்டும். குறுக்காக, அதாவது தண்ணீர்ப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் போகிற விரிசல் அதைவிடக் கவலைக்குரியது, அது தண்ணீருக்கு நேர்வழி. இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்து இடைவெளியை அளந்து எழுதிவையுங்கள். அளவில்லாமல் "பெரிசாயிடுச்சு" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். 1864-ல் இங்கிலாந்தின் டேல் டைக் கரையில் ஒரு தொழிலாளி விரிசலைப் பார்த்துச் சொன்ன அன்று இரவே கரை உடைந்து, ஷெஃபீல்டில் 240 பேருக்கு மேல் இறந்தார்கள். அது புதிய கரை, முதல் நிரப்பு.

மரம் மண் அணையில் வேண்டவே வேண்டாம். உயிரோடு இருக்கும்போது வேர் வழி போடும், பட்டுப்போனால் வேர் மக்கி அந்த இடமே குழாயாகும், காற்றில் சாய்ந்தால் கரையில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு போகும். புல் போதும், அதையும் கட்டையாக வெட்டி வைத்திருக்க வேண்டும். இவர் புல்லை விலக்கிப் பார்த்ததால்தானே ஊற்று தெரிந்தது. நண்டு வளை, எலி வளை, முள்ளம்பன்றிப் பொந்து எல்லாம் உயரப் புல்லுக்குள்தான் மறைந்திருக்கும். உபரிநீர்ப் போக்கியின் கான்கிரீட் பலகைகளையும் பார். 2019 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டாட்புரூக் நீர்த்தேக்கத்தில் பலகைகள் பெயர்ந்து, அடியில் இருந்த மண் அரிக்கப்பட்டு, கீழே இருந்த சுமார் 1,500 பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. ஹெலிகாப்டரில் ஜல்லி மூட்டைகளைப் போட்டுத்தான் அந்தக் குழியை அடைத்தார்கள்.

ஆற்றங்கரை

எல்லாருக்கும் நன்றி. ராத்திரியே ரெண்டு பொறியாளர்கள் வந்துட்டாங்க. வீடியோவைப் பார்த்ததும் ஜீப்புல மணல் மூட்டையோடதான் வந்தாங்க. ஐயா சொன்ன மாதிரியே வட்டம் கட்டி, காலையில மணல், பொடிச்சல்லி, ஜல்லின்னு வரிசையா போட்டாங்க. இப்போ தண்ணி வருது, மணல் வரல. மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக்கிட்டு இருக்காங்க. திறப்பு கூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் மைக் கட்டின வண்டி போகுது.

டீச்சர் சொன்ன பட்டியல் தெரு வாரியா தயார். பள்ளிக்கூடச் சாவி இப்போ ரெண்டு வீட்ல இருக்கு. ஷட்டர் அண்ணன் கேட்டதை எல்லாம் அவங்ககிட்ட கேட்டோம். ஒரு ஷட்டர் மழைக்கு முன்னாடி முழு உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கலைன்னு ஒத்துக்கிட்டாங்க. மட்டம் ஷட்டருக்குக் கீழ இறங்கினதும் எங்க முன்னாடியே தூக்கிக் காட்டுறதா சொல்லியிருக்காங்க.

கசிவுத் தண்ணி எல்லாத்தையும் ஒரு சின்ன வாய்க்கால்ல சேர்த்து, நடுவுல வி மாதிரி வெட்டின இரும்புத் தகடு வெச்சிருக்காங்க. இதுல என்ன பார்க்கணும்?

ஓய்வுபெற்ற_பொறியாளர்

நல்ல செய்தி. வந்த அந்த இரண்டு பேருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அந்தத் தகட்டில் வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று அளக்க வேண்டும். தகட்டை ஒட்டி அளக்காமல், சற்று மேலே தண்ணீர் சமமாக நிற்கும் இடத்தில் அளவுகோலை நட்டு அளக்கவும். வெட்டு செங்கோணமாக இருந்தால், 5 செ.மீ உயரத்துக்கு விநாடிக்கு முக்கால் லிட்டர் போகும். 10 செ.மீ என்றால் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் கசிவு ஐந்தரை மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்று பொருள். அதனால் ஒரு செ.மீ மாற்றத்தையும் சின்னதாக நினைக்கக்கூடாது.

ஒரு நோட்டில் தேதி, நேரம், அணையின் மட்டம், தகட்டின் உயரம், தண்ணீரின் நிறம், அன்று மழை உண்டா இல்லையா என்று எழுதுங்கள். மட்டம் ஏறும்போது கசிவும் கொஞ்சம் ஏறும், இறங்கும்போது இறங்கும். அது பயப்பட வேண்டியதில்லை. மட்டம் அப்படியே இருக்க, மழையும் இல்லாமல், தகட்டில் மட்டும் ஏறினால் உடனே அழையுங்கள். சட்டென்று குறைந்தாலும் அழையுங்கள், தண்ணீர் வேறு வழி கண்டுபிடித்திருக்கலாம்.

கடைமடை_விவசாயி

தம்பி, மட்டத்தை இறக்குறாங்கன்னு கேட்டப்போ முதல்ல வயித்தெரிச்சலாதான் இருந்துச்சு. மணல் வந்த வீடியோவைப் பார்த்ததுக்கு அப்புறம் நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஐயாகிட்ட ஒரு கேள்வி. வடிகட்டி போட்டாச்சு, மணல் நின்னுடுச்சு. இந்த வருஷம் கடைசியில முழு மட்டத்துக்கு ஏத்த விடுவாங்களா?

ஓய்வுபெற்ற_பொறியாளர்

இந்தப் பருவம் விடமாட்டார்கள் அண்ணே, விடவும் கூடாது. இப்போது போட்டிருப்பது முதலுதவிதான். கோடையில் மட்டம் இறங்கியதும் அடிவாரத்தில் முறையான வடிகட்டியும் வடிகாலும் கட்டி, மண்ணுக்குள் நீரழுத்தம் பார்க்கும் குழாய்களையும் பதிக்க வேண்டும். அதன் பிறகு அடுத்த பருவத்தில் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தித் தகட்டைப் பார்த்துவிட்டு மேலே போகலாம். அந்த வேலைக்கான மதிப்பீடு கோடைக்கு முன்பே போக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு பருவமும் உங்களுக்குக் குறைந்த மட்டம்தான். பாசன சங்கத்தில் தீர்மானம் போட்டு, கீழத்தெருக்காரர்களின் கையெழுத்தையும் வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். இந்த விஷயத்தில் உங்கள் இரண்டு தரப்புக்கும் ஒரே கோரிக்கைதான்.

கீழத்தெரு_ஆசிரியை

கையெழுத்து நாங்கள் வாங்கித் தருகிறோம் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.